தண்ணி வாட்ச்சுக்கு ஒரு வளையம்

உளுந்தை ஊறப்போடுவார்கள், கொண்டைக்கடலையை ஊறப்போடுவார்கள். ஒரு கம்ப்யூட்டரைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறக்கி, இராத்திரி முழுக்க ஊறப்போட்ட ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவன்தான். காலையில் மேலே எடுத்தபோது அது விடாமல் கத்தியது. "அடேங்கப்பா, பேட்டரி என்னமா பேசுது" என்று பூரித்துப் போனேன். இந்தக் கூத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதில் சிரிக்க இடம் கம்மி.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தை ஒட்டிய சந்தில் கடிகாரம் பழுது பார்க்கிறேன். கடை என்று நான் சொல்லிக்கொள்வேன். பார்த்தவர்கள் அலமாரி என்பார்கள். இப்போது யாரும் கைக்கடிகாரம் கட்டுவதில்லை என்பதால் கார் சாவி ரிமோட், எடை மெஷின், காது மெஷின் என்று பட்டன் செல் போடும் எதையும் திறந்து பார்ப்பேன். திறப்பதில் நான் கெட்டிக்காரன். மூடும்போதுதான் ஒரு திருகாணி மிச்சம் இருக்கும்.

அந்தக் கருவியைக் கொண்டுவந்தவர் சங்கராபுரம் பக்கத்துக் கிராமத்து அண்ணன். வளைகுடா நாட்டில் கடலுக்கடியில் எண்ணெய்க் குழாய் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது மரவள்ளி போடுகிறார், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகிறார், சுற்று வட்டாரத்தில் யாராவது தண்ணீரில் போய்விட்டால் சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கி எடுத்துக் கொடுக்கிறார். வாயைத் திறந்து பேசுவதென்றால் அவருக்குப் பல் பிடுங்குவது மாதிரி. எனக்கு நேர்மாறு. அதனால்தானோ என்னவோ வாரம் ஒரு தடவை வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் பேசுவதைக் கேட்காமல் கேட்டுவிட்டுப் போவார்.

"இது செத்துப் போச்சு" என்று மேஜையில் வைத்தார். பெரிய கைக்கடிகாரம் மாதிரி, தடித்த பட்டையுடன், திரை கறுத்துக் கிடந்தது.

"இன்னா வாட்ச்ணா இது? இத்தக் கட்டினா கை கீழ தொங்கும்போல."

"வாட்ச் இல்ல. டைவ் கம்ப்யூட்டர்."

நான் அதற்கு உடனே தண்ணி வாட்ச் என்று பேர் வைத்துவிட்டேன். அது என்ன செய்யும் என்று கேட்டேன். அன்றைக்கு அவர் பேசியதுதான் நான் அறிந்து அவர் நிகழ்த்திய மிக நீண்ட சொற்பொழிவு. "சோடா பாட்டில் தெரியும்ல? மூடி இருக்கசொல்ல காஸ் உள்ள சும்மா கெடக்கும். பட்டுனு தொறந்தா பொங்கும். ஆழத்துல மூச்சு இழுத்தா ரத்தத்துல அப்பிடித்தான் காஸ் ஏறும். ரொம்ப நேரம் இருந்துட்டு வேகமா மேல வந்தா பொங்கிடும். மூட்டு வலிக்கும், கை கால் வெளங்காது, இல்ல ஆளே போயிடுவான். எவ்ளோ ஆழம், எவ்ளோ நேரம், எப்ப கெளம்பணும்னு இது கணக்குப் பண்ணி சொல்லும்."

"அத்த ஏன் மெஷின் சொல்லணும்? ஒங்களுக்கே தெரியாதா?"

"கீழ போயிட்டா தெரியாது. இதோ முடிஞ்சிடும், இதோ முடிஞ்சிடும்னே தோணும்." எழுந்துகொண்டார். "ஒரிஜினல் வளையமும் செல்லும் சென்னையில சொல்லியிருக்கேன். பார்சல் உளுந்தூர்பேட்டையில எறங்கி எந்த மூலையில கெடக்குதோ. வர வரைக்கும் ஏதாவது பாரு. பழைய வளையத்த மட்டும் திரும்பப் போட்டுடாத." பையிலிருந்து, வளையத்தில் தடவும் வழுவழுப்பான பசை டியூப் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

பின்மூடியைத் திறந்தேன். செல் இருந்த குழியைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் கறுப்பு ரப்பர் வளையம். தண்ணீருக்கும் உள்ளே இருக்கும் மூளைக்கும் நடுவே நிற்கும் ஒரே காவல்காரன் அதுதான். நூல் கனம்கூட இல்லை. நசுங்கி ஒரு பக்கம் சப்பையாகி, லென்ஸில் பார்த்தால் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல். இதை நம்பி ஒரு மனிதர் இருட்டுக்குள் இறங்கியிருக்கிறார்.

செல்லைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. பட்டன் செல்லின் முதுகில் இருக்கும் எண்ணில் முதல் இரண்டு இலக்கம் அகலம், அடுத்த இரண்டு கனம். எங்கள் ஊரில் அகலம் சரியாக இருந்தால் போதும்; கனம் குறைந்தால் சிகரெட் பெட்டி ஈயத்தாளை மடித்துக் கீழே வைத்து அழுத்திவிடுவோம். எத்தனையோ கார் சாவிகளுக்கு நானே அந்த வைத்தியம் செய்திருக்கிறேன். சாவி வேலை செய்யாவிட்டால் கார் கதவு திறக்காது, அவ்வளவுதான். இதில் ஈயத்தாள் நகர்ந்தால் திரை அணைந்துபோகும், ஆழத்தில். கையை மடக்கிக்கொண்டேன். கடையில் தொங்கும் அட்டை செல்களில் அச்சு மங்கியதையெல்லாம் ஒதுக்கினேன். மீட்டரில் வைத்தால் பாதி செத்த செல்கூட முழு உயிர் இருப்பதுபோல் காட்டும், கல்யாண வீட்டில் சிரிக்கும் பங்காளி மாதிரி. அதனால் ஒரு குட்டி பல்பைக் கோத்து, எரியும்போது மீட்டர் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தேன். இறங்காமல் நின்றது ஒன்றே ஒன்று. அதை விரலால் தொடாமல் பிளாஸ்டிக் இடுக்கியால் எடுத்து வைத்தேன். என் விரல் வியர்வைக்கு இரும்பே துருப்பிடிக்கும்.

அடுத்தது வளையம். பம்ப்செட் ஸ்பேர்ஸ் கடை வைத்திருக்கும் என் நண்பனிடம் கருவியையும் பசையையும் கொண்டுபோனேன்.

"எந்த மோட்டாருக்கு மாப்ள?" என்றான்.

"ரெண்டு கால் மோட்டாருக்கு."

"ஒனக்கா? ஒனக்கு வளையம் மாத்தி பிரயோஜனம் இல்ல, பாடியே மாத்தணும்."

பெட்டி பெட்டியாக எடுத்துக் கொட்டினான். நீர்மூழ்கி மோட்டார் வளையம் தடிமன். பள்ளத்தில் உட்காராமல் மூடியைத் தூக்கியது. திருகி இறுக்கியிருந்தால் மூடிதான் விண்டிருக்கும். சிவப்பு வளையம் ஒன்று அழகாக, மெத்தென்று, அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. எனக்கு அதன் மேல் காதலே வந்துவிட்டது. நண்பன்தான் கெடுத்தான். "அது சிலிகான். நீ வெச்சிருக்கற பசையும் சிலிகான். ரெண்டும் சேந்தா ஊதிப்போயி பள்ளத்த வுட்டு எழுந்துக்கும். கறுப்பு போடு." கடைசியில் டிராக்டர் டீசல் பம்பில் போடும் மெல்லிய கறுப்பு வளையம் ஒன்று பொருந்தியது. இழுத்துவிட்டால் உடனே பழைய அளவுக்கு வந்தது. நகத்தால் அழுத்தினால் தடம் தங்கவில்லை. பள்ளத்தில் வைத்தபோது விளிம்புக்கு மேலே ஒரு மயிரிழை எட்டிப்பார்த்தது. அந்த மயிரிழைதான் மூடி அழுத்தும்போது நசுங்கித் தண்ணீரைத் தடுக்கும். நிஜ மயிர் ஒன்று குறுக்கே விழுந்தால் அதன் வழியே தண்ணீர் நுழைந்துவிடும் என்பதால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மூடினேன். உதிர்வதற்கு என் தலையில் பெரிதாக எதுவும் இல்லைதான்.

திரை ஒளிர்ந்தது. அத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

கைக்கடிகாரத்துக்கு வளையம் மாற்றினால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஆழத்துக்குப் போகிற கருவிக்கு டம்ளர் எந்த மூலைக்கு? மாமனார் நிலத்தில் பழைய காலத்துக் கிணறு இருக்கிறது. அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து, தண்ணீர் இரண்டு பனைமரம் முங்கும் ஆழத்துக்கு நின்றது. சாயங்காலம் போய், கருவியோடு ஒரு கல்லையும் சேர்த்துக் கட்டி அடிவரைக்கும் இறக்கினேன்.

மாமனார் வரப்பிலிருந்து எட்டிப் பார்த்தார். "இன்னா மாப்ள, மீன் புடிக்கிறியா?"

"கம்ப்யூட்டர ஊறப்போட்றேன் மாமா."

அவர் வானத்தைப் பார்த்தார். பெண்ணைக் கொடுத்த நாளிலிருந்து என்னிடம் பேசிவிட்டு அவர் வானத்தைத்தான் பார்க்கிறார். சோதனை என்றால் முழுசாக இருக்கட்டும் என்று இராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிட்டு, மாமியார் வைத்த கோழிக் குழம்பைச் சாப்பிட்டுத் தூங்கினேன்.

விடிந்தும் விடியாமல் அண்ணனின் போன். "மலை அடிவாரம், பழைய கல்குவாரி. ஒருத்தன் போயிட்டான். மெஷின எடுத்துக்கினு வா."

கிணற்றுக்கு ஓடினேன். கயிற்றைப் பிடித்து மளமளவென்று இழுத்தேன். மேலே வந்தபோதுதான் அது அப்படிக் கத்தியது. துடைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. பைக்கில் போகும் வழியெல்லாம் சட்டைப் பைக்குள் அது கத்திக்கொண்டே வந்தது, நான் பாடிக்கொண்டே போனேன்.

குவாரி விளிம்பில் கூட்டம் நின்றது. நாலு பக்கமும் வெட்டி எடுத்த செங்குத்துப் பாறை, ஒரே ஒரு பக்கம் லாரி இறங்கிய சரிவு, நடுவே பச்சையாகத் தண்ணீர். பின்னால் கல்வராயன் மலை எதையும் பார்க்காதது போல் நின்றது. தீயணைப்பு வீரர்கள் முந்தைய நாள் மாலையிலிருந்து பாதாளக் கரண்டி போட்டுத் துழாவிக் களைத்திருந்தார்கள். அடியில் குவாரிக்காரர்கள் விட்டுப்போன இரும்பும் பாறையும் கிடந்ததால் கரண்டி அங்கங்கே மாட்டிக்கொண்டதாம்.

சரிவின் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன்தான் போனவன். இருவரும் மலைமேல் இருக்கும் கரியாலூர் பக்கத்திலிருந்து மரவள்ளிக் கிழங்கு பிடுங்கும் வேலைக்குக் கீழே இறங்கி வந்தவர்கள். வேலை முடிந்து, இவள் துணி துவைக்க, அவன் குளிக்க இறங்கியிருக்கிறான். பக்கத்தில் அவன் சட்டை காய்ந்து கிடந்தது, அவளே துவைத்தது. அதன் மேல் ஒரு கல்லை வைத்திருந்தாள், காற்றில் போய்விடாமல்.

அண்ணன் ரப்பர் உடுப்பில் நின்றார். இரண்டு சிலிண்டர்கள் பாறையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மணமகனுக்கு மோதிரம் நீட்டுவதுபோல் கருவியை நீட்டினேன். "ஒரு சொட்டு எறங்கலணா. ராத்திரி பூரா கெணத்து அடியில கெடந்துச்சு."

திரையைப் பார்த்தார். பொத்தான்களை அழுத்தினார். எண்கள் வரவேண்டிய இடத்தில் ஒரு தடைக்குறி மட்டும் மின்னியது.

"கெணத்துலயா?"

"ஆமா. டெஸ்ட்டு."

"தண்ணி பட்டா அதுவா ஆன் ஆவும்" என்றார் மெதுவாக. "இத்தக் கட்டிக்கினு ஒருத்தன் ராத்திரி பூரா அடியில இருந்துட்டு, காலையில ஒரே இழுப்பா மேல வந்துட்டான்னு நெனச்சிக்கினு இருக்குது."

"வந்தா?"

"செத்துருப்பான். அதான் பூட்டிக்கிச்சு. ரெண்டு நாளைக்கு எதுவும் சொல்லாது."

அவசரமாகச் செல்லைக் கழற்றி மாட்டினேன். அந்தத் தடைக்குறி திரும்பவும் வந்து உட்கார்ந்தது. நல்ல செல், நல்ல வளையம். உள்ளே ஒரு பிணத்தின் கணக்கு பத்திரமாக இருந்தது, என் மாமனார் கிணற்றில் நான் உண்டாக்கிய பிணம்.

அண்ணன் யாரையும் திட்டவில்லை. ஒரு நீளக் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டி, மறுமுனையை என் கையில் கொடுத்தார். அவர் பக்கத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் கயிற்றில் சிவப்புத் துணி ஒன்று முடிந்திருந்தது. "ஒன் கையில வாட்ச் இருக்குதுல்ல? இருவது நிமிஷம். ஆனதும் கயித்த மூணு தடவ சுண்டு. நானும் மூணு சுண்டுவேன். சுண்டலன்னா மெதுவா இழு. செவப்புத் துணி தண்ணிய வுட்டு மேல வந்ததும் நிறுத்து, காஸ் அடங்க நான் அங்க கொஞ்ச நேரம் தொங்கணும். நானே மேல வர வரைக்கும் எவன் இன்னா சொன்னாலும் இழுக்காத."

"ணா, வேற ஆள்கிட்ட குடுங்களேன்."

"புடி."

சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். குமிழிகள் கொஞ்ச நேரம் வழி காட்டின. பிறகு அவையும் பாறை நிழலுக்குள் போய்விட்டன. கயிறு என் உள்ளங்கையில் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. ஊரார் கடிகாரங்களையெல்லாம் திறந்து பார்த்தவன், அன்றைக்குத்தான் ஒரு கடிகாரத்தை நிஜமாகப் பார்த்தேன். முள் அவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

நேரம் ஆனது. சுண்டினேன். பதில் இல்லை.

மறுபடி சுண்டினேன். கயிறு அந்தப் பக்கம் ஏதோ வேலையில் இருப்பது போல் ஆடியது, மூன்று சுண்டாக இல்லை. பின்னால் இருந்து ஒருவர், "ஆளு ஆப்ட்டுருப்பான்யா, வுடுய்யா, எடுத்துக்கினு வரட்டும்" என்றார். இன்னொருவர், "இப்ப இழுத்து காரியத்தக் கெடுத்துடாத" என்றார். அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருப்பேன்.

அவள் முகத்தைப் பார்த்தபடி இன்னும் கொஞ்ச நேரம் விட்டேன். பிறகு இழுத்தேன்.

கை மாற்றிக் கை. முதலில் கயிறு பாறையில் கட்டியது போல் வரவேயில்லை. பிறகு கனம் தளர்ந்து ஏறத் தொடங்கியது. சிவப்புத் துணி தண்ணீரை விட்டு எழும்பியதும் நிறுத்தினேன். "ஆளு மேல வந்துட்டாருய்யா, தூக்குய்யா, மூச்சு முட்டப் போவுது" என்று கூட்டம் கத்தியது. என் ஏழு தலைமுறையையும் விசாரித்தார்கள். கயிற்றைத் தொடையில் சுற்றி உட்கார்ந்துகொண்டேன். பச்சைத் தண்ணீருக்குள் ஒரு கறுப்பு உருவம் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறாரா என்பதற்கு, அவ்வப்போது வந்து உடையும் குமிழிகள் மட்டும்தான் சாட்சி.

அவர் மேலே வந்தபோது கையில் யாரும் இல்லை.

முகமூடியைக் கழற்றிவிட்டு வெகு நேரம் மூச்சு வாங்கினார். "அவன் கால் கையில ஆப்ட்டுச்சு" என்றார். "இரும்புக்குக் கீழ மாட்டிக்கினு இருக்கான். இழுக்கசொல்ல கொஞ்சம் அசைஞ்சான்."

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன். தோல் உரிந்திருந்தது, அதையாவது யாராவது கவனிக்கட்டும் என்று நீட்டி வைத்துக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை.

அவள் என் பக்கம் வந்தாள். பாறையில் சாய்ந்திருந்த இரண்டாவது சிலிண்டரைக் காட்டினாள். "அண்ணா, அதுல காத்து கீதா?"

"இருக்குதும்மா."

"அப்பறம் ஏன் அவரு போவ மாட்டேன்றாரு?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. கணக்குச் சொல்லும் மெஷின் இருந்திருந்தால், ரத்தத்தில் எவ்வளவு காஸ் மிச்சம் என்று பார்த்து, வேண்டிய நேரம் ஓய்வெடுத்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் இன்னொரு முறை இறங்கியிருப்பார். மெஷின் இல்லையென்றால் ஒரு நாளைக்கு ஒரு முறைக்கு மேல் இறங்குவதில்லை என்பது கடலிலிருந்து அவர் கொண்டுவந்த சட்டம். மெஷின் என் சட்டைப் பையில் இருந்தது. சொன்னேன். சோடா, கிணறு என்று, கோழிக் குழம்பு நீங்கலாக எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

"அவுரு குளுரு தாங்க மாட்டாரு" என்றாள். போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்தாள். சட்டையின் மேல் இருந்த கல்லை எடுத்து, சட்டையை உதறி மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

அண்ணன் அவள் முன்னால் போய்க் குந்தினார். "காலையில எடுத்துக் குடுத்துட்றேம்மா" என்றார். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் இறங்கினார். கயிறு மறுபடி என் கையில்தான். வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவரும் வேறு யாரையும் தேடவில்லை. இந்தத் தடவை இடம் தெரிந்திருந்தது, ஒரு கடப்பாரையும் கொண்டுபோனார். நேரம் முடியும் முன்பே மூன்று சுண்டு வந்தது. சிவப்புத் துணியில் நிறுத்தினேன். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை.

அவனைச் சரிவில் கிடத்தினார்கள். இரண்டு இரவு தண்ணீரில் கிடந்தவன் எப்படி இருப்பான் என்று நான் எழுதப்போவதில்லை. அவள் மடித்து வைத்திருந்த சட்டையைப் போட்டுவிடப் பார்த்தாள். கை நுழையவில்லை. மேலே போர்த்திவிட்டு, பொத்தான்களை மட்டும் ஒவ்வொன்றாகப் போட்டாள். அரசு ஆஸ்பத்திரி வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. அவளும் அதிலேயே ஏறிக்கொண்டாள். யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்தது. அண்ணன் சிலிண்டர்களை வண்டியில் ஏற்றினார். இடது முழங்கையை அடிக்கடி நீவிவிட்டுக்கொண்டார். "வலிக்குதா?" என்றேன். "நேத்து மேல வந்ததுலருந்து" என்றார். கருவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். அந்தக் குறி இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.

ஒரு இராத்திரி முழுக்க எனக்குள் ஊறிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். "ணா, நேத்து அவன் கால் ஒங்க கையில இருக்கசொல்ல நான் இழுத்துட்டேன். அந்தப் பொண்ணு இன்னொரு ராத்திரி உக்காந்துக்கினு இருந்துச்சு. நான் இழுத்தது தப்பாணா?"

கயிற்றைச் சுருட்டி என் தோளில் மாட்டினார்.

"அடுத்த தபா இன்னும் சீக்கிரம் இழு."